செட்டிநாட்டு வீடுகள், புதுக்கோட்டை அருங்காட்சியகம்: உள்ளே போய்ப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுடன் வெள்ளிக்கிழமை காலை காரைக்குடி வருகிறீர்கள், ஞாயிறு இரவு திரும்புகிறீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. போன தடவை வந்தபோது பூட்டிய கதவுகளைத்தான் பார்த்துவிட்டுப் போனீர்கள். இந்த முறை வீடு, அருங்காட்சியகம், பழைய அரசுக் கட்டடம் எல்லாவற்றையும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். எதை எப்போது பார்ப்பது?

நான் இந்தப் பக்கத்துக்காரன். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிதான். சென்னை எழும்பூரிலும் அப்படியே. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஆகவே வந்து இறங்கியதும் புதுக்கோட்டைக்கு வண்டியைத் திருப்பினால் பூட்டுதான் வரவேற்கும். நீங்கள் வருகிற வாரம் இரண்டாம் சனி விழுகிறதா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே காலண்டரில் பார்த்துவிடுங்கள். விழுந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது. வெள்ளிக்கிழமையை வீடுகளுக்கு ஒதுக்குங்கள், சனிக்கிழமையைப் புதுக்கோட்டைக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு கட்டடம் எப்போது திறந்திருக்கும் என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரசுக் கட்டடம் என்றால் காலண்டர் பார்க்க வேண்டும். கோயில் என்றால் நடை திறக்கும் நேரம் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் பகல் 12, 12.30க்கு நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வீடு என்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் பாதி நாளைச் சாலையில் கழிக்கிறார்கள்.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு பெரிய வீடு ஒருத்தருக்குச் சொந்தமில்லை. கட்டியவருக்கு நான்கு மகன்கள், அந்த நால்வருக்கும் பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள் என்று இப்போது ஒரே வீட்டில் பத்து இருபது புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். அவர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், மணிவிழா, முன்னோருக்குப் போடும் படைப்பு, கார்த்திகைக்குப் பிறகு வரும் பிள்ளையார் நோன்பு என்று காரியம் வந்தால்தான் கூடுவார்கள். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் காலையில் பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டிவிடுவார். ஒரு பங்காளி "காட்டுங்கள்" என்று சொன்னாலும் இன்னொருவர் சம்மதம் வேண்டும். இது தெரிந்தால் வாசலில் நின்று காவல்காரரிடம் கோபப்படத் தோன்றாது.

இந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்ய, போன இடங்களில் சம்பாதித்த பணம் இங்கே தேக்காகவும் சலவைக்கல்லாகவும் மாறியது. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவை நிறுத்திவிட்டன. கட்டியது போலப் பராமரிக்க அடுத்த தலைமுறைக்கு முடியவில்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஓடு மாற்றப் பணம் வந்துவிடாது. எனவே, நுழைவுக் கட்டணம் வாங்குகிற வீட்டில் அதை மனமாரக் கொடுங்கள்.

சரி, எந்த வீடு? கானாடுகாத்தான், ஆத்தங்குடி இரண்டு ஊரும் போதும். கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். அங்கே எல்லாரும் முதலில் தேடுவது செட்டிநாடு அரண்மனை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது. அதை வெளியிலிருந்து பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டும். உள்ளே விடுவது அபூர்வம். அதற்காக அங்கேயே நின்று நேரத்தைக் கழிக்காமல் பக்கத்துத் தெருக்களுக்கு நடந்து வாருங்கள். சி.வி.சி.டி., சி.வி.ஆர்.எம்.சி.டி. என்று ஒட்டினாற்போல இரட்டை வீடுகள் இருக்கின்றன. அங்கே சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். இந்த எழுத்துகளுக்கு இங்கே விலாசம் என்று பெயர். பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. கதவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது, விலாசத்தைச் சொன்னால் சின்னப் பையன்கூடக் கொண்டுபோய் விடுவான்.

ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' அல்லது 'அரண்மனை' என்று கேளுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு. ரொக்கமாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் போனில் பணம் கட்டும் வசதியை எதிர்பார்க்க முடியாது. சினிமா, விளம்பரப் படப்பிடிப்பு நடந்தால் அன்றைக்கு எந்த வீட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் மாலை நீங்கள் தங்கும் விடுதிக்காரரை விட்டு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் வராதீர்கள். இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்களான நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகிற காலம் அது. வீட்டு ஆட்களும் பார்த்துக்கொள்பவர்களும் நடைப்பயணத்தில் இருப்பார்கள், குன்றக்குடிப் பக்கம் சாலை முழுக்கக் கூட்டம் போகும்.

கட்டண வீடு தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. சில வீடுகள் இப்போது விடுதிகளாகியிருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். தங்க முடியாவிட்டாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துப் போகலாம். காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதியிலும் அப்படித்தான், சொல்லாமல் போய் நின்றால் இலை கிடைக்காது. விலை கூடுதல்தான். ஆனால் அப்பாவை உச்சி வெயிலில் அலையவிடாமல், ஒரு நல்ல முகப்பில் உட்காரவைத்து, சாப்பாட்டையும் முடித்து, வீட்டையும் பார்த்துவிட முடியும். உங்கள் குடும்பத்துக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

திறந்திருக்கும் ஒரு வீட்டில் யாரோ திண்ணையில் இருக்கிறார்கள், எட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும். தோன்றினால் வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டம்மாவாக இருந்தால் "ஆச்சி, பிள்ளைகளுக்கு வளவைக் காட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டால் போதும் (வளவு என்றால் வீட்டின் நடு முற்றப் பகுதி). பார்த்துக்கொள்பவராக இருந்தால் "அண்ணே". கையில் கேமராவை நீட்டிக்கொண்டு படியேறாதீர்கள். முதலில் செருப்பைக் கழற்றுங்கள், பிறகு கேளுங்கள். "இன்னிக்கு முடியாது" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். சில சமயம் "உள்ளே வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். அப்படிப் போனால் சாமி அறை, அடுப்படிப் பக்கம் அவர்கள் அழைக்காமல் போக வேண்டாம். பணத்தை ஆச்சி கையில் நீட்டுவதும் மரியாதை ஆகாது. வேலை பார்ப்பவருக்குக் கொடுக்கலாம்.

இனி உள்ளே போனால் எதைப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் தூணைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், பெல்ஜியம், இத்தாலி என்று பெயர்களைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். நான் பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் தலைவாசலுக்கு நேரே நிற்கச் சொல்வேன். அங்கிருந்து பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாகப் பின் தெருக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. காற்று அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலிலும் முகப்பில் மின்விசிறி இல்லாமல் உட்காரலாம்.

அடுத்து நிலை. வளவுக்குள் நுழைகிற கதவு நிலைக்கு மேலே கஜலட்சுமி இருப்பாள். பக்கத்தில் கிளி, யாளி, கொடி என்று ஒரு சாண் இடம் விடாமல் செதுக்கியிருப்பார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் வேலை என்பதால், உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு திண்ணையோரம் உட்காருங்கள்.

வளவு என்பது நடுவே வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றித் தூண் வரிசையும். கல்யாணம் நடப்பது அங்கேதான். சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், எல்லாம் பூட்டியிருக்கும். "இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன அறையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அது படுத்துக்கொள்ளும் அறையாக இருந்ததைவிட, மனைவியின் சீர்ச் சாமான்களைப் பூட்டி வைக்கும் அறையாகவே இருந்தது. வெள்ளி, பித்தளை, எனாமல், பாய், பெட்டி எல்லாம் அதற்குள். குடும்பம் வாழ்ந்தது, படுத்தது, பேசியது எல்லாம் வெளியே தூண்களுக்கு நடுவில். ஒரே அடுக்களைக் கூரையின் கீழே அவரவர் புள்ளி தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. இப்படி ஒரு கூட்டு வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வளவைவிட நல்ல இடம் கிடையாது.

சுவரைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பை நாள் கணக்கில் புளிக்கவைத்து, அரைத்து, மேல் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. நூறு வருடத்துக்குப் பிறகும் முகம் மங்கலாகத் தெரியும். உள்ளங்கையை வைத்தால் நடுப்பகலிலும் குளிர்ச்சியாக இருக்கும். எண்ணெய்க் கையை வைத்தால் கறை போகாது, அதனால் பிள்ளைகள் முறுக்குத் தின்ற கையோடு தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. எல்லா வீட்டிலும் படி உண்டு, நிலைப்படியும் உயரம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லும் சலவைக்கல்லும் காலுறைக்கு நன்றாக வழுக்கும். வெறுங்காலோடு நடப்பது பாதுகாப்பு. மாடிக்குப் போகும் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், அவர் கீழேயே இருக்கட்டும். கழிப்பறை எல்லா வீட்டிலும் கிடைக்காது, கிளம்பும்போதே விடுதியில் முடித்துக்கொண்டு வருவது நல்லது.

ஆத்தங்குடி வரை போய்விட்டு, தரைக்கல் செய்கிற பட்டறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். என்னைக் கேட்டால் வீட்டைவிடப் பிள்ளைகள் ரசிப்பது இதைத்தான். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம். பூ, கொடி, நட்சத்திரம் என்று எந்த வடிவம் வேண்டுமோ அந்தத் தகட்டு அச்சைத் தொழிலாளி சட்டத்துக்குள் இறக்குவார். சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்ந்த குழம்பைக் கரண்டியால் எடுத்து, சிவப்பு ஒரு கட்டத்தில், மஞ்சள் ஒரு கட்டத்தில், பச்சை ஒரு கட்டத்தில் ஊற்றுவார். பிறகு அச்சை நேராக மேலே தூக்குவார். அந்த ஒரு நொடியில் கை ஆடினால் வண்ணம் கலந்துவிடும். ஆடாது. உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைச் சலித்து மேலே தூவுவார், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேலே கனமான கலவையைப் போட்டுக் கட்டையால் மட்டம் தட்டுவார். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் கல்லின் முகம் கண்ணாடி போலவே வழவழப்பாக வரும். சூளையும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. ஆத்தங்குடிப் பக்கத்து மணலும் அந்தக் கையும்தான் எல்லாம்.

காலை 9 மணிக்கு மேல் 12க்குள் போனால் வேலை நடந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகளில் ஆள் இருக்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை போவதற்கு இன்னொரு காரணம் இது. மழைக்காலத்தில் காய்கிற வேலை தடைப்படும். காட்டியவருக்கு டீச்செலவுக்குக் கொடுங்கள். வீட்டுக்கு நினைவாக ஒரு கல் வாங்கினால் துணியில் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், நல்ல கனம், விளிம்பு உடையும்.

காரைக்குடி ஊருக்குள் பார்க்க வேண்டியதை வெள்ளி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஜன்னல் வீடு தனியார் வீடு, வெளியிலிருந்துதான் பார்க்கலாம். சாயங்கால வெயில் விழும்போது முகப்பு நன்றாகத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணதாசன் மணிமண்டபம். அவர் பிறந்த சிறுகூடல்பட்டி இந்தப் பக்கத்து ஊர்தான், உங்கள் அம்மா அப்பாவுக்கு அந்த மண்டபம் பிடிக்கும். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டியே இருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

அழகப்பா பல்கலைக்கழகச் சாலையில் ஒருமுறை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கோட்டையூரில் 1909இல் பிறந்து 47 வயதில் போய்விட்ட வள்ளல் அழகப்பர், தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆய்வுக்கூடத்துக்குள் சாதாரண நாளில் போக முடியாது. அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) செப்டம்பர் 26இல் கொண்டாடும் நிறுவன நாளை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவது உண்டு. அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் ஒரு வருடம் அதற்கென்றே வரலாம்.

சனிக்கிழமை புதுக்கோட்டை. இந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகரம் என்பதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம், 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. ஒழுங்கான கட்டங்களாக வெட்டிய ராஜ வீதிகள், பெரிய குளங்கள், கம்பீரமான அலுவலகங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. சேசையா சாஸ்திரி திவானாக இருந்தபோது ஊருக்குக் கிடைத்த சீர்திருத்தங்களை இன்றும் பேசுவார்கள்.

காலை 7 மணிக்கே காரைக்குடியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வழியில் திருமயம். கோட்டையை 1687இல் சேதுபதி கட்டினார். ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். தொல்லியல் துறை டிக்கெட் எடுத்து மேலே ஏறினால் பீரங்கி நிற்கும் உச்சி வரை போகலாம், சுற்றுவட்டாரக் கண்மாய்கள் எல்லாம் தெரியும். அப்பா ஏற வேண்டாம். அவரும் அம்மாவும் மலையின் தெற்கு அடிவாரத்தில் பெருமாள் கோயிலில் இருக்கட்டும். பாறையைக் குடைந்த கருவறையில் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் பெருமாளை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது, அவ்வளவு பெரிய திருமேனி. பக்கத்திலேயே சத்தியகிரீசுவரர் குடைவரை. கோயிலுக்கும் கோட்டைக்கும் வாசல் வேறு வேறு என்பதை ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அங்கிருந்து நேராகத் திருக்கோகர்ணம். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. சென்னையை எதிர்பார்த்து வந்து "சின்னதாக இருக்கிறதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். பாடம் செய்த விலங்குகள், பாறை வகைகள், முதுமக்கள் தாழி, கல் சிற்பம், செப்புத் திருமேனி, ஆயுதம், காசு என்று ஒரு சின்ன ராஜ்ஜியம் தனக்குத் தெரிந்த உலகத்தை ஒரே கூரையின் கீழே அடுக்கி வைத்திருக்கிறது. காசுகள் வைத்திருக்கும் பெட்டி முன்னால் நின்று அம்மன் காசைத் தேடுங்கள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் மக்களுக்குக் கொடுப்பது அரண்மனை வழக்கமாக இருந்தது. பார்த்துவிட்டு, அந்த அம்மனையே பார்க்கப் பக்கத்திலிருக்கும் கோகர்ணேசுவரர் கோயிலுக்கு நடந்து போகலாம். கோயில் நடை மதியம் சாத்தும், எனவே 11 மணிக்குள் கோயில், அதன் பிறகு அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

அருங்காட்சியகத்தில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். எடுக்கக்கூடாது என்ற இடத்தில் எடுக்காதீர்கள். விளக்க அட்டைகள் சுருக்கமாகத்தான் இருக்கும். அங்கே பணியில் இருப்பவர்களிடம் மரியாதையாகக் கேட்டால், அட்டையில் இல்லாததையெல்லாம் சொல்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராஜா குடியிருக்கக் கட்டிய புதிய அரண்மனைதான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். நடப்பில் உள்ள அலுவலகம் என்பதால் காட்சிக்கூடம் போல உள்ளே சுற்ற முடியாது. சனி, ஞாயிறில் வெளியிலிருந்து பார்க்கலாம். வார நாளில் வருகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள், வெகுதூரத்திலிருந்து மனுவோடு வந்தவர்கள் காத்திருக்கும் இடத்தில் நாம் படம் எடுத்துக்கொண்டு நிற்பது அழகல்ல. நகரத்துக்குள் இருக்கும் பழைய பொது அலுவலகக் கட்டடத்துக்கும் இதே முறைதான்.

மதியச் சாப்பாடு முடித்து 3 மணிக்குச் சித்தன்னவாசல் கிளம்புங்கள், புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். அங்கே இரண்டு இடம் இருக்கின்றன, டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று ஏழடிப்பட்டம். மலைமேல் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், கி.மு. முதல் நூற்றாண்டு தமிழ்ப் பிராமி எழுத்து. பாறையில் ஏற வேண்டும், பிள்ளைகளும் நீங்களும் மட்டும் போங்கள்; மழை பெய்திருந்தால் யாரும் ஏற வேண்டாம். மற்றொன்று அறிவர் கோயில், ஓவியம் இருக்கும் குடைவரை. படிகள் குறைவு, அப்பா மெதுவாக வந்துவிடலாம்.

உள்ளே போனதும் விதானத்தைப் பார்ப்பவர்கள் "ஒன்றுமே தெரியவில்லையே" என்பார்கள். வெயிலில் வந்த கண் அது. சில நிமிடம் பேசாமல் நின்றால் தாமரைக்குளம் தெளியும். முதலில் இலை, பிறகு மொட்டு, மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள். தூணில் ஆடும் பெண்ணின் நீட்டிய கை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. போனின் ஒளியைப் போட்டுப் படத்தைக் காட்டாதீர்கள், அந்த வண்ணத்துக்குக் கெடுதல். கருவறைக்குள் காவலர் அனுமதித்தால் பிள்ளைகளை மெல்ல 'ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள், கல் திருப்பிச் சொல்லும்.

இசையில் நாட்டமிருந்தால் குடுமியான்மலையில் ஏழு ராகங்களுக்கான கிரந்த எழுத்து இசைக் கல்வெட்டும் இருக்கிறது. ஒரே நாளில் அதையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஞாயிறு காலை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரவை, அஞ்சறைப் பெட்டி என்று புழங்கிய பொருள்களை வாங்குங்கள், பேரம் பேசலாம். கதவு நிலை, தூண், உத்திரம் வாங்காதீர்கள் என்று உங்களிடம் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அது ஏதோ ஒரு வளவு இடிந்து வந்ததுதான். வாங்க ஆள் இருக்கும்வரை இன்னொன்றும் இடியும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, திருமேனி எதையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு இல்லாமல் வைத்திருக்க முடியாது, அதனால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கண்டாங்கிச் சேலை, கொட்டான் என்கிற பனையோலைக் கூடை இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. நெய்பவரிடமும் பின்னுபவரிடமும் நேரே வாங்கினால் அவர்களுக்கு நல்லது.

பிறகு கீழடி. காரைக்குடியிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். கட்டடத்தையே செட்டிநாட்டுப் பாணியில் முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வளவைப் பார்த்த பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உறைகிணறு, பகடை, வட்டச் சில்லு, தக்களி, பானையில் கீறிய பெயர்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் பொருள்கள் அவை. பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டட்டும். தமிழ்ப் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றை முன்பே அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். விடுமுறை நாள், நேரம் இரண்டையும் கிளம்புவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம், 11 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நின்று பார்க்கலாம்.

நீங்கள் சென்னைக்காரர்கள் என்பதால் இன்னொன்று. வருவதற்கு முந்தைய வாரம் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள், செவ்வாய் விடுமுறை. அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டை எடுத்துப் போய் நிறுத்தியிருக்கிறார்கள். முகப்பு எது, வளவு எது என்று அங்கே தெரிந்துகொண்டு வந்தால் இங்கே கண் தானாகத் தேடும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் சென்னைக்குப் போய், 1994இலிருந்து அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பெரியவர்களுக்கு அது.

திரும்புகிற டிக்கெட்டைக் காரைக்குடியிலிருந்து போடாமல் மதுரையிலிருந்து போடுங்கள். கீழடியிலிருந்து மதுரை பக்கத்தில்தான், இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மறுபடி காரைக்குடிக்கு வந்து போகிற இரண்டு மணி நேரம் மிச்சமாகும், அப்பா முழங்காலுக்கும் ஓய்வு கிடைக்கும். கார் உங்களை மதுரையில் இறக்கிவிடுகிற பேச்சாக முதலிலேயே வாடகை பேசிக்கொள்ளுங்கள்.